விடையைப் பிளக்கிடம் கேளுங்கள்

வணக்கம், இன்றைக்கு எங்கள் புளோக் வீட்டு அடுப்படியிலிருந்து பேசுகிறேன். பின்னால் இரைவது கெட்டில்தான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அதை வைத்துத்தான் பாடமே: கணக்கில் வந்த விடை நிஜத்தில் நடக்குமா என்று சரிபார்ப்பது.

அக்கா மகன் உயர்நிலை மூன்று படிக்கிறான். நேற்று ஒரு கணக்கோடு வந்தான். ஒன்றரை கிலோ தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போக 3 நிமிடம் 47 விநாடி ஆகிறது, கெட்டிலின் திறன் என்ன? வெப்பத்தைச் சரியாகவே கண்டுபிடித்தான்: 1.5, தண்ணீரின் தன்வெப்பம் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஜூல்) 4,200, வெப்பநிலை உயர்வு 72, மூன்றையும் பெருக்கினால் 453,600 ஜூல். அப்புறம் அதை 3.78 நிமிடத்தால் வகுத்து, 120,000 வாட் என்று எழுதிக் கோடும் போட்டுவிட்டான்.

நான் தப்பு என்று சொல்லவில்லை. கெட்டில் பிளக்கைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். அதற்குள் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியர், நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட், இரண்டையும் பெருக்கினால் 2,990 வாட், அதற்கு மேல் இந்தப் பிளக்கில் தொடர்ந்து இழுக்க முடியாது. அவன் கெட்டிலுக்கோ 520 ஆம்பியருக்கு மேல் வேண்டும்! பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், வாட் என்பது ஒரு விநாடிக்கு எத்தனை ஜூல் என்பதுதானே, பிறகு அவனாகவே நிமிடத்தை 227 விநாடியாக மாற்றினான். கிட்டத்தட்ட 2,000 வாட். மின்னோட்டம் 8.7 ஆம்பியர், ஃபியூஸ் தாங்கும்.

வட்டக் கணக்கிலும் இதே கதைதான். சிங்கப்பூர் ஃபிளையர் ராட்டினத்தின் உயரம் 165 மீட்டர், ஆனால் சக்கரத்தின் விட்டம் 150 மீட்டர்தான், கட்டடத்தின் மேல் நிற்கிறது, படம் வரையாதவர்கள் இங்கேயே சறுக்குவார்கள். சுற்றளவு 471 மீட்டர், ஒரு சுற்றுக்குச் சுமார் 30 நிமிடம். அப்படியே 30ஆல் வகுத்து 15.7 மீட்டர், அதுவும் ஒரு விநாடிக்கு, என்று எழுதினால் அது மணிக்கு 56 கிலோமீட்டர். அந்த வேகத்தில் எந்தப் பாட்டி ஏறுவார்? 1,800 விநாடியால் வகுத்துப் பாருங்கள், விநாடிக்கு 0.26 மீட்டர், நாம் நடப்பதைவிட மெதுவு, அதனால்தான் சக்கரம் நகர்ந்துகொண்டிருக்கும்போதே ஏறிவிட முடிகிறது.

சரி, கெட்டில் அணைந்துவிட்டது. எங்கள் கெட்டிலும் 2,000 வாட்தான், அதே அளவு தண்ணீர், அதே 28 டிகிரி, ஆனால் கைப்பேசியில் 250 விநாடி காட்டுகிறது. அப்படியென்றால் உள்ளே போனது 500,000 ஜூல். மிச்சம் 46,400 எங்கே என்று அக்கா மகனைக் கேட்டேன். பதில் சொல்லாமல் கெட்டிலின் பக்கவாட்டைத் தொடாமல் அதனருகே கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், கெட்டிலின் மூக்கு வழியாக ஆவி போவதையும் பார்க்கிறான்.