வெள்ளைச் சட்டையும் வெயிலும்

வணக்கம் நேயர்களே. இந்த நிலையத்துக்கு வரும் வழியில், டர்பன் துறைமுகத்தை ஒட்டிய சாலையில், டாக்ஸிக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். தென்னாப்பிரிக்கக் கடற்படையின் வெள்ளைச் சீருடை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கலாம். பக்கத்தில் பெஞ்சு காலியாகக் கிடந்தது, அவர் உட்காரவில்லை. பையை இடது கையில் பிடித்திருந்தார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஏன் உட்காரவில்லை என்று உங்களுக்கே தெரியும், தெருப் பெஞ்சில் என்னென்ன ஒட்டியிருக்குமோ. பை ஏன் இடது கையில்? வலது கை சல்யூட்டுக்கு. எதிரே அதிகாரி வந்தால் பையைக் கை மாற்றிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. யாரோ ஒரு மூத்தவர் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

நான் கடற்படையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். வளர்ந்தது டர்பனில் நம் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த்தில். ஓய்வு பெற்ற பிறகும், யார் வீட்டுப் பிள்ளையாவது கடற்படையில் சேர்ந்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். கறை போக வேண்டும், மடிப்பு நிற்க வேண்டும், தொப்பி நாடா கட்டத் தெரியவில்லை, இப்படி. அவர்களிடம் நான் முதலில் சொல்வதையே உங்களிடமும் சொல்கிறேன். ஒரு சீருடையின் ஆயுள், அதைக் கழற்றிய முதல் ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் அதைப் பார்த்தால் பிழைக்கும். நாற்காலியில் போட்டுவிட்டுத் தூங்கினால் போயிற்று.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான கதை.

எழுபதுகளின் நடுவில், டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் நம் இந்திய இளைஞர்களுக்கு என்று தனியாக ஒரு பயிற்சித் தளம் தொடங்கினார்கள். எஸ்.ஏ.எஸ். ஜல்சேனா என்று பெயர். எஸ்.ஏ.எஸ். என்றால் தென்னாப்பிரிக்கக் கப்பல், தளத்துக்கும் அதே முன்பெயர்தான். ஜல சேனை, நீர்ப்படை. தீவு என்று பெயர்தானே தவிர, இப்போது கரையோடு சேர்ந்துவிட்ட இடம். பழைய ஆட்களுக்கு வேறொன்றும் நினைவிருக்கும். கடற்படை வருவதற்கு முன்னால் அந்தத் தீவில் நம் மீனவக் குடும்பங்கள் இருந்தன. வலை உலர்த்திய மணலில் பிறகு நாங்கள் அணிவகுத்தோம். சரி, அது தனிக்கதை.

பயிற்சி முடிந்து முதல் விடுப்பு. ஜனவரி மாதம், தைப்பூசக் காவடிக்கு முந்தின வாரம். டர்பன் ஜனவரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம், சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். முழு வெள்ளையில் பேருந்தை விட்டு இறங்கி நடந்து வருகிறேன். வாசலில் அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, ஆயா என்று நாங்கள் கூப்பிடும் என் பாட்டி எல்லோரும் நிற்கிறார்கள். அம்மா கையில் ஆரத்தித் தட்டு. மூன்று சுற்று சுற்றி, நெற்றியில் ஒரு பொட்டு வைக்கப் போகும்போது அம்மாவின் கை நடுங்கிவிட்டது. தட்டில் இருந்த ஆரத்தி நீர் மார்பில் கொட்டி, இடுப்பு வரை ஓடியது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு. வெள்ளைத் துணியில் அது இரத்தம் மாதிரியே இருந்தது. அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். திங்கட்கிழமை காலை அணிவகுப்புச் சோதனை. என்னிடம் இருந்த மாற்று வெள்ளை இன்னொன்றுதான், அதுவும் தளத்தில் ஈரமாகக் கிடந்தது.

நான் செய்த முதல் தவறு, சட்டையைக் கழற்றி நேராகச் சலவை சோப்பைப் போட்டுத் தேய்த்தது. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு இன்னும் அழுத்தமாக ஆனது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாமார் தலையை ஆட்டுவது எனக்குத் தெரிகிறது. மஞ்சள் சோப்பைத் தொட்டால் சிவக்கும். சுண்ணாம்பைத் தொட்டாலும் சிவக்கும். இரண்டும் காரம், மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரானது. ஆயா உள்ளேயிருந்து வந்து என் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கினார். "தேய்க்காதேடா, தேய்த்தால் உள்ளே போகும்" என்றார். குழாயைத் திறந்து, துணியின் பின்பக்கத்திலிருந்து தண்ணீரை ஓடவிட்டார். வந்த வழியாகவே கறை வெளியே போக வேண்டும் என்பது ஆயாவின் கணக்கு. சோப்பு முழுக்கப் போகும் வரை அலசினார். அப்புறம் மரத்திலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம். சாறு பட்ட இடத்தில் சிவப்பு அப்படியே மஞ்சளாக மாறியது. கண் முன்னால் மாறியது. புளிப்பு காரத்தை முறித்துவிட்டது, மஞ்சள் தன் சொந்த நிறத்துக்குத் திரும்பிவிட்டது. "இனி உன் வேலை ஒன்றுமில்லை, சூரியன் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி, சட்டையை ஈரத்தோடு கொடியில் போட்டார். அன்று சாயங்காலம் வெளிறிய மஞ்சள். மறுபடி நனைத்து மறுநாள் போட்டார். ஞாயிறு பிற்பகல் தேடிப் பார்த்தாலும் தெரியவில்லை. மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது. பளிச்சென்ற நிறம்தான், ஆனால் வெளிச்சத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும்.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் அன்று செய்ததை நான் அப்புறம் எத்தனையோ பேருக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். காயவிடாதே. சூடு காட்டாதே. தேய்க்காதே. பின்பக்கத்திலிருந்து அலசு. கறை இருக்கும் துணியில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் கறை நிரந்தரமாகிவிடும். அந்த முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் தவறவிடாதீர்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. டோபி. நம் பாட்டன்மார் காலத்தில் உம்கேனி ஆற்றங்கரையில் துணி துவைத்த நம்மவர்களை ஊர் முழுக்க டோபி என்றுதான் சொன்னது. பிரிட்டிஷ் மாலுமிகள் இந்தியத் துறைமுகங்களில் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் சொல்லாகவே ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் கப்பலில் துணி துவைப்பதே 'டோபி', சலவைத் தூள் 'டோபி டஸ்ட்', அதாவது டோபித் தூசி. எங்கள் கடற்படையின் உடை மரபு முழுக்க அவர்களிடமிருந்து வந்தது. கேப் டவுன் பக்கத்தில் இருக்கும் சைமன்ஸ் டவுன் தளத்தையே 1957-ல்தான் அவர்கள் ஒப்படைத்தார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரி வாயிலிருந்து முதன்முதலில் டோபி என்ற சொல்லைக் கேட்டபோது நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். நம் ஆட்களின் கைவேலை, பெயரோடு கடல் சுற்றி வந்திருக்கிறது.

சரி, மரபு என்றதும் எல்லோரும் கேட்கும் கதைகளுக்கு வருகிறேன். மாலுமியின் சதுரக் காலரில் மூன்று வெள்ளைக் கோடுகள், பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் மூன்று வெற்றிகள் என்பார்கள். நெல்சன் இறந்தது 1805-ல். பிரிட்டிஷ் கடற்படையின் சாதாரண மாலுமிகளுக்கு ஒரே சீரான உடை வந்தது 1857-ல். இடையில் அரை நூற்றாண்டு. கதை அழகானது, ஆனால் பிறகு ஒட்டவைத்தது. கால்சட்டையின் குறுக்கே ஏழு மடிப்பு, ஏழு கடலுக்கு என்பதும் அப்படித்தான். கப்பலில் பீரோ கிடையாது. அகலமான காலை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, விசிறி மாதிரி மடித்தால்தான் சின்னப் பெட்டிக்குள் அடங்கும். உயரமானவருக்கு ஏழு மடிப்பு, குள்ளமானவருக்கு ஐந்து. எனக்கு இந்தக் காரணம்தான் பிடிக்கும். இடமில்லாத இடத்தில் ஒழுங்காக இருக்க மனிதன் கண்டுபிடித்த வழி அது.

அப்புறம், வேலை உடை. இதை எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். வெளியே போடும் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துத் துவைப்பார்கள், ஓவராலை மூலையில் சுருட்டிப் போடுவார்கள். எனக்கு இதில்தான் கோபம் வரும். கப்பலில் தீப்பிடித்தால் வெளியே ஓட இடமில்லை. சமையல்காரரும் தீயணைப்பவர்தான், எழுத்தரும் தீயணைப்பவர்தான். எண்ணெய் ஊறிய ஓவரால் திரி மாதிரி. நைலானும் பாலியெஸ்டரும் எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டும். அமெரிக்கக் கடற்படையில் நீலப் புள்ளி போட்ட ஒரு வேலை உடை இருந்தது, பாதி நைலான், பாதி பருத்தி. 2012-ல் சோதித்துப் பார்த்தபோது அது நன்றாகவே எரிந்து, உருகிச் சொட்டியது. 2019 அக்டோபரோடு அதை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். அத்தனை பெரிய கடற்படைக்கே துணி விஷயத்தில் இப்படி நடந்திருக்கிறது.

தீத் தடுப்பு ஓவராலைத் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள். கஞ்சியும் வேண்டாம். இரண்டுமே துணிமேல் எரியக்கூடிய படலமாக உட்காரும். குளோரின் வெளுப்பானும் வேண்டாம். என் அம்மாவுக்கு எல்லாத் துணியும் ஒன்றுதான், சாதம் வடித்த கஞ்சியில் ஓவராலையும் முக்கிவிடுவார். பிள்ளை மேல் உள்ள பிரியத்தில் செய்ததுதான். நான் உட்கார்ந்து, தீயைப் பற்றிச் சொன்ன பிறகு நிறுத்தினார். நீங்களும் வீட்டில் சொல்லிவிடுங்கள். வெள்ளைக்குக் கஞ்சி போடலாம், அழகாக நிற்கும். ஆனால் மாதக்கணக்கில் எடுத்துவைக்கப் போகும் வெள்ளையைக் கஞ்சியோடு வைக்காதீர்கள், கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் அது சாப்பாடு.

இப்போது பொது இடம். தொப்பி இல்லாமல் தெருவில் நிற்பது, கால்சட்டைப் பையில் கை விட்டுக்கொண்டு நடப்பது, நடந்துகொண்டே தின்பது, இதெல்லாம் கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று மாமன் மகன் சீருடையை இரவல் கேட்டால் கொடுக்காதீர்கள். 2002-ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமை இல்லாதவர் அதை அணிவது குற்றம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. சீருடையோடு கோவிலுக்குப் போனால் திருநீறு தோளில் உதிரும், விளக்கிலிருந்து எண்ணெய் சொட்டும். திருநீற்றை ஈரத் துணியால் துடைக்காதீர்கள், உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். எண்ணெய்க்கு உடனே டால்கம் பவுடரைக் கொட்டி, ஊறிய பிறகு உதறுங்கள்.

பொது இடம் என்றதும் எனக்கு இதுவும் நினைவுக்கு வருகிறது. எங்கள் காலத்தில் சாட்ஸ்வர்த் பேருந்தில் வெள்ளைச் சீருடையோடு ஏறினால் எல்லோரும் ஒரே மாதிரி பார்க்கமாட்டார்கள். சிலர் இடம் கொடுப்பார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நமக்கு வாக்கு இல்லை. அப்படிப்பட்ட நிறவெறி அரசின் சீருடையை ஏன்டா போட்டாய் என்று என் சித்தப்பா ஒரு தீபாவளி அன்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வேலை வேண்டியிருந்தது, கடல் பிடித்திருந்தது, அதற்கு மேல் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் சாதாரண உடையில்தான் வீட்டை விட்டுக் கிளம்புவேன். சீருடை பெட்டிக்குள் இருக்கும், தளத்துக்குப் போய் மாற்றிக்கொள்வேன். 1994 ஏப்ரல் 27 வந்தது, எல்லா இனத்தாரும் வாக்களித்த முதல் தேர்தல். வாக்குச் சாவடி வரிசையில் சித்தப்பாவோடு நின்றேன். அன்றே நாட்டின் பாதுகாப்புப் படையும் புதிதாகப் பிறந்தது. அதற்கடுத்த வாரம், அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, வீட்டு வாசலிலிருந்தே முழு வெள்ளையில் இறங்கினேன். சித்தப்பா கேட் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் திருப்பி நிறுத்தி, பின்பக்கம் தொங்கிய ஒரு நூலைப் பிடித்து, பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "போ" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். கம்பளிச் சீருடையைப் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பளியை அடிக்கடி துவைக்க வேண்டாம், கழற்றியதும் பிரஷ் போட்டுக் காற்றாட விடுங்கள். பளபளப்பு வராமல் இருக்க, ஈரத் துணியை மேலே விரித்து இஸ்திரி போடுங்கள். அந்துப்பூச்சி வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் இருக்கும் இடத்தைத்தான் தேடி வரும், சுத்தம் செய்த பிறகே பெட்டியில் வையுங்கள். இரும்புக் கம்பி ஹாங்கர் டர்பன் காற்றில் துருப்பிடிக்கும், மர ஹாங்கர் வாங்குங்கள். துருக்கறைக்கு எலுமிச்சையும் உப்பும் வெயிலும். வெளுப்பானைத் தொடாதீர்கள், துரு இன்னும் கெட்டிப்படும்.

பித்தளைப் பொத்தானுக்குப் பாலிஷ் போடும்போது அடியில் ஓர் அட்டையைச் செருகுங்கள், துணி கறுக்காது. தங்கச் சரிகைக்கு அந்தப் பாலிஷ் வேண்டவே வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும். போட்டுவிட்டு வந்த அன்றே, அந்த ஒரு மணி நேரத்துக்குள். வணக்கம்.