பிள்ளை எத்தனை மணிக்கு அழுதது?

(மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன் பக்கம் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தடைக்காலம் என்பதால் ஆண்களும் வந்திருக்கிறீர்கள். மற்ற நாளில் இந்த மாதிரிக் கூட்டத்துக்குத் தாய்மார்கள்தான் வருவார்கள், அதுவும் கடல்பாசி எடுக்கப் போகாத நாளாக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வலையை ஒரு விசைப்படகு அறுத்துவிட்டது. கரைக்கு வந்து என்ன சொல்வீர்கள்? "ராத்திரி ரெண்டேகால், ஏழு பாகம் தண்ணி, கச்சான் அடிச்சுக்கிட்டிருந்துச்சு, படகு நம்பர் இது." ஜிபிஎஸ்ஸைத் தட்டியும் காட்டுவீர்கள். சரி. அதே ஆள் என்னிடம் வந்து, பிரசவத்தில் பிள்ளைக்கு மூளை பாதித்துவிட்டது என்கிறார். எத்தனை மணிக்கு டாக்டர் வந்தார், பிள்ளை எப்போது அழுதது என்று கேட்டால், "அதையெல்லாம் எங்க சார் பார்த்தோம்" என்கிறார்.

மூளை சம்பந்தப்பட்ட வழக்கில் நேரம்தான் முக்கால்வாசி. மூளைக்குப் பிராணவாயு அடியோடு நின்றால் நாலைந்து நிமிடத்தில் செல்கள் சாகத் தொடங்கிவிடும். பிரசவத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகவும் குறையலாம். அதைப் பிடிக்கத்தான் வயிற்றுப் பிள்ளையின் துடிப்பைக் கேட்கிறார்கள். வலி நன்றாகப் பிடித்தபின் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை, தாய் முக்க ஆரம்பித்தபின் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை. கேட்டால் போதாது, எழுதவும் வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு கேஸ் ஷீட்டை, அதாவது மருத்துவமனையில் எழுதும் சிகிச்சைக் குறிப்பைச் சொல்கிறேன். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், வழக்கு நடக்கிறது. ஒன்றரை மணிக்குத் துடிப்பு 140. இரண்டு மணிக்கு 140. இரண்டரை, மூன்று, மூன்றரை, எல்லாம் 140. ஒரே பேனா, ஒரே சாய்வு. உயிருள்ள பிள்ளையின் துடிப்பு அப்படி ஓடாத கடிகாரம் மாதிரி ஒரே எண்ணில் நிற்காது. கீழே ஒரு வரி: 'பிறந்தவுடன் அழுதது'. அந்தப் பிள்ளைக்கு இப்போது நாலு வயது. கழுத்து நிற்கவில்லை. கஞ்சியைக் கரண்டியில் ஊட்டினால் பாதி வெளியே வருகிறது. ஊட்டி முடிக்க அந்த அம்மாவுக்கு ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

டாக்டர்களுக்கும் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பெருமூளை வாதம், அதாவது மூளை பாதித்து உடல் அசைவு கட்டுப்படாமல் போவது, வந்த எல்லாப் பிள்ளைக்கும் பிரசவ அறையில் தப்பு நடந்ததாகச் சொல்ல முடியாது. குறைமாதம், கருவிலேயே கிருமித் தொற்று, பிறந்தபின் கடுமையான மஞ்சள் காமாலை என்று காரணங்கள் பல. வைத்தியம் பலிக்காததும் அலட்சியமும் ஒன்றல்ல. சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் செய்திருக்க வேண்டியதை இவர் செய்தாரா என்பதுதான் கேள்வி. டாக்டர் மேல் கிரிமினல் வழக்கு என்றால் அலட்சியம் மிகக் கடுமையாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் சொல்லிவிட்டது. அதனால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து ஒரு வருடத்தைக் கழிக்காதீர்கள். ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைப்பது அதைவிட மோசம். அதற்கென்று 2008இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. வழக்குப் போட வேண்டியவர் வழக்கில் மாட்டிக்கொள்வார்.

பணம் கட்டிப் பார்த்த மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம். 1995இலேயே மருத்துவம் அதற்குள் வந்துவிட்டது. ராமநாதபுரத்திலேயே மாவட்ட ஆணையம் இருக்கிறது. நீங்கள் கட்டிய தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் அங்கேயே போடலாம். கேட்கிற இழப்பீடு எவ்வளவு என்பது அங்கே கணக்கில்லை. கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. கெடு இரண்டு வருடம். தாமதத்துக்குச் சரியான காரணம் காட்டினால் மன்னிக்க இடமுண்டு, ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். எல்லாருக்கும் இலவசமாகவே பார்க்கிற அரசு ஆஸ்பத்திரி என்றால் இந்த வழி இல்லை. சிவில் கோர்ட், இல்லையென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. வக்கீல் வைக்க வசதியில்லை என்கிற கவலை வேண்டாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

முதல் வேலை, சிகிச்சை ஆவணங்கள் முழுவதையும் எழுத்தில் கேட்டு வாங்குவது. டிஸ்சார்ஜ் சம்மரி என்று தருகிற இரண்டு பக்கத்தை அல்ல. கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களின் நடத்தை விதியே சொல்கிறது. கேட்ட கடிதத்தின் நகலில் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால்.

அப்புறம் பணம். இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். ஊர்ப் பெரியவர் நடுவில் உட்கார்ந்து, "ஐம்பதாயிரம் தர்றாங்க, வாங்கிக்கிட்டு விடுப்பா, போன மூளை வரவா போகுது" என்பார். வெள்ளைத்தாளில் கையெழுத்து. போன மூளை வராதுதான். ஆனால் அந்தப் பிள்ளை இன்னும் ஐம்பது வருடம் சாப்பிடும், வலிப்பு மாத்திரை போடும், வளர வளர சக்கர நாற்காலி மாற்றும். கணக்குப் போடுங்கள். ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ பிசியோதெரபிக்குப் போகிற கார் வாடகை. பாசிக்குப் போக முடியாமல் தாய் இழந்த கூலி, ஒரு நாளுக்கு இவ்வளவு என்று. நீங்கள் இல்லாத காலத்தில் பார்த்துக்கொள்கிறவருக்குச் சம்பளம். 1998இல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில், தப்பான ஊசியால் மூளை பாதித்த ஒரு பையனுக்கு 12.5 லட்சமும், தனியாகப் பெற்றோரின் மன வேதனைக்கு 5 லட்சமும் உறுதியானது. 2015இல் நம் சென்னை வழக்கு ஒன்று. குறைமாதத்தில் பிறந்த பெண் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய கண் பரிசோதனையைச் செய்யவில்லை, பார்வை போய்விட்டது. விலைவாசி ஏறும் என்பதையும் சேர்த்து உச்ச நீதிமன்றம் போட்ட கணக்கு சுமார் 1 கோடியே 80 லட்சம். தானாக வந்த கணக்கல்ல. பில்லுகளை வைத்துக் கேட்டார்கள்.

அந்த 140 கேஸ் ஷீட்டுக்கு வருகிறேன். 'பிறந்தவுடன் அழுதது' என்று எழுதியிருந்தது இல்லையா? அந்தத் தகப்பனிடம் நேரம் கேட்டால் வழக்கம்போலத் தெரியாது என்றார். சவூதியில் இருக்கும் அண்ணனுக்கு அன்றைக்குப் பேசினீர்களா என்று சும்மா கேட்டேன். வாட்ஸ்அப்பில் தேடினார். அதிகாலை 4.52க்கு அனுப்பிய குரல் பதிவு, பதினோரு விநாடி. "அண்ணே, பொறந்து கால் மணி நேரமாச்சு, இன்னும் அழல, உள்ள வச்சுத் தட்டிக்கிட்டிருக்காங்க." பின்னால் காற்றாடிச் சத்தம்கூடக் கேட்கிறது.

அதை மின்னணுப் பதிவுக்கு வேண்டிய சான்றிதழோடு முறைப்படி ஆணையத்தில் வைத்திருக்கிறோம். அந்தக் கைபேசியின் ஸ்பீக்கர் உப்புக் காற்றில் போய்விட்டது. புதுசு வாங்கிவிட்டார். பழையதை இரண்டு பாலிதீன் பையில் சுற்றி, பிள்ளையின் ஸ்கேன் படங்களோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். அடுத்த வாய்தா வருகிற மாதம்.