அழுத பிள்ளையும் அழாத பிள்ளையும்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, பல அலுவல்களுக்கு இடையிலும் வந்து சிறப்பித்திருக்கும் வனத்துறை அதிகாரிகளே, இடம் கிடைக்காமல் நின்றபடியே கேட்கும் இளைஞர்களே, வணக்கம். மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: சத்தம், வயது, சட்டம்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அமெரிக்காவின் வடமேற்குக் காட்டில் இரண்டு பிள்ளைகள். ஒன்று புள்ளி ஆந்தை. மற்றது, நோபிள் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் அடியில் வளரும் பிரிட்ஜியோபோரஸ் நோபிலிசிமஸ் என்ற மரக்காளான். இரண்டுக்குமே முதிர்ந்த பெருமரம் வேண்டும்.

ஆந்தையை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள் தெரியுமா? இரவில் அதன் குரலை எழுப்பிக் காத்திருப்பார்கள். பதில் வந்தால், பகலில் போய் உயிருள்ள எலியைக் கிளையில் விடுவார்கள். பறந்து வந்து கவ்வும். தானே விழுங்கிவிட்டால் கூடு எங்கே என்று தெரியாது, அடுத்த எலி. அதையும் விழுங்கினால் மூன்றாவது. ஒளித்து வைத்தால் நான்காவது! தூக்கிக்கொண்டு பறந்தால்தான் வேலை ஆரம்பம். அண்ணாந்து பார்த்தபடி, விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டிப் பின்னாலேயே ஓட வேண்டும். கூட்டுக்கோ குஞ்சுக்கோ அது எலியைக் கொண்டுபோனால் இனப்பெருக்கம் உறுதி. அழுத பிள்ளை பால் குடித்தது. 1990இல், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் அரசுப் பட்டியலிலும் ஏறியது.

காளானுக்கு எந்த எலியைக் காட்டுவது? ஒவ்வொரு பெருமரத்தையும் சுற்றி வந்து, குனிந்து அடிமரத்தைப் பார்க்க வேண்டும். அதன் மேற்புறம் ரோமம் போன்ற நார். அதில் பாசி படர்ந்துவிடும். வெறும் பாசி என்று தாண்டிப் போய்விடுவோம். இத்தனைக்கும் 1946இல் கிடைத்த ஒன்றின் எடை 136 கிலோ!

இன்னொன்று. ஆந்தையின் முக்கிய இரை பறக்கும் அணில். அந்த அணில் தோண்டித் தின்பது மண்ணுக்கடியில் விளையும் காளான்கள். அழுத பிள்ளை குடிக்கும் பாலே அழாத பிள்ளையின் வீட்டிலிருந்து வருகிறது, ஐயா!

1994ஆம் ஆண்டின் வடமேற்கு வனத் திட்டம், இந்த மரக்காளான் இருக்கும் இடங்களைச் சுற்றி 600 ஏக்கர் வரை காக்கச் சொன்னது. கூட்டரசு நிலத்தில் மட்டும். அந்தப் பட்டியலுக்கு அடிப்படையான 1973ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமோ விலங்கு, தாவரம் என்பதோடு நின்றுவிடுகிறது. தாவரக் கணக்கில், காளானும் பாசியும் கூடி வாழும் லைக்கன்கள் இரண்டு நுழைந்தன. தனிக் காளான் ஒன்றுகூட நுழையவில்லை.

கிழக்கிலிருந்து பட்டை ஆந்தை என்ற போட்டி ஆந்தை வந்து சேர்ந்தபின் புள்ளி ஆந்தையும் வாய் திறக்க அஞ்சுகிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. மரத்தில் ஒலிப்பதிவுக் கருவி கட்டிக் காத்திருக்கிறார்கள். அழுத பிள்ளையும் வாயை மூடிக்கொண்டது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வயதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். வாசல் மேசையில் தீர்மானத் தாள் இருக்கிறது. சட்டத்தில் 'விலங்கு, தாவரம்' என்று வரும் இடமெல்லாம் ஒரு காற்புள்ளி, அதன்பின் 'காளான்'. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.