தேம்ஸ் அம்மாவும் பாலாத்தம்மாவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நூலகர் அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்தி என் சட்டைக் கறையை மறைத்துவிட்ட வணிகர் சங்கப் பெரியவரே, காட்பாடியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வந்திருக்கும் வாசக நண்பர்களே, வணக்கம்.

‘முடியாத தொடரை விடாமல் படிப்பது எப்படி’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசப்போகிறேன்: எந்த வரிசையில் படிப்பது, இடையில் வரும் குறுநாவல்களை விடலாமா, பழைய பாத்திரங்களை எப்படி ஞாபகம் வைப்பது.

முதலில் வரிசை. பென் ஆரோனோவிச் எழுதும் ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ என்ற மாயக் கதை நாவல் தொடர் 2011-ல் தொடங்கியது. கொலை நடந்த இடத்தில் காவல் நிற்கும் கான்ஸ்டபிள் பீட்டர் கிராண்ட்டிடம் ஒரு பேய் வந்து சாட்சி சொல்கிறது. நம்மூரில் உயிரோடு இருக்கிறவனே சாட்சி சொல்ல வருவதில்லை! வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். நான்காம் நாவலின் முடிவில் விழும் அடி, முதல் மூன்றையும் படித்தவனுக்குத்தான் வலிக்கும்.

அதில் ஆறுகளெல்லாம் ஆட்கள். ‘தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்’ என்று கேலிபேசப்பட்ட வேலூர்க்காரனுக்கு இது போதாதா? காட்பாடி பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் கத்தரிக்காய்ப் பை. “இன்னா புக்குபா?” என்றார். சொன்னேன்: தேம்ஸ் ஆறு ஒரு நைஜீரிய அம்மா, அதில் வந்து சேரும் ஃப்ளீட், டைபர்ன் ஆறுகளெல்லாம் அவர் பெண்கள், போலீஸே மரியாதையாகப் போய்த்தான் பேச வேண்டும். பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியது. பெரியவர் கீழே மணலைப் பார்த்தார், முள்செடியைப் பார்த்தார். “அப்போ பொன்னை ஆறு நம்ம பாலாத்தம்மாவுக்குப் பொண்ணா?” “ஆமாங்க.” “அதாம்பா, கட்டிக்குடுத்த பொண்ணு மாதிரி மழைக்கு மழைதான் அம்மா வூட்டுக்கு வரா!” கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மறந்து சிரித்தார்.

1858 கோடையில் தேம்ஸின் நாற்றத்தில் லண்டன் நாடாளுமன்றமே மூக்கைப் பிடித்தது. கதையில் அந்த ஆற்றின் பழைய தெய்வமான கிழவர் தேம்ஸ் அப்போதுதான் நகரத்தைக் கைவிட்டுப் போகிறார். அவர் விட்டுப்போன இடத்துக்குத்தான் பிறகு அம்மா வருகிறார். நிஜ தேம்ஸிலோ சாக்கடையைத் திருப்பினார்கள், சுத்திகரித்தார்கள், மீன் திரும்பியது. இங்கே? பாலாற்றில் விழுந்த தோல் ஆலைக் கழிவைப் பற்றிய நம் வேலூர் வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்றது.

‘தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்!’ 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பிவிட்டார். ராஜா நமக்கு வேண்டாம், ஓட்டுப் போடுகிறோம். பாக்கி ஆறு மட்டும்தான்.

தலைவர் மணி அடித்துவிட்டார். குறுநாவலும் ஞாபகமும் அடுத்த கூட்டத்தில். கழிவுநீர் பாலாற்றில் விழக்கூடாது என்று ஒரு மனு வாசல் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் டீ!