நீர்ப்பூட்டே இல்லாத 54 கிலோமீட்டர்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

நம் மொரீஷியஸ் தீவில் படகு என்று சொன்னால் எல்லோருக்கும் கடல்தான் நினைவுக்கு வரும். பவளத்திட்டுக்கு உட்புறத்து அமைதியான நீரில் இல் ஓ செர்ஃப் என்னும் சிறுதீவுக்குப் போய் வருவதும், மாயேபூர் கரையில் மீன்பிடிப் படகுகள் ஆடி நிற்பதைப் பார்ப்பதும் நமக்குப் பழகிய காட்சிகள். நம் ஆறுகளோ மலையிலிருந்து இறங்கி, பாறைகளில் விழுந்து, வெகு சீக்கிரம் கடலைச் சேர்ந்துவிடுகின்றன. அவற்றில் படகேறி ஊர் ஊராகப் போக வழியில்லை. அதனால் உள்நாட்டு நீர்வழி ஒன்றில் ஒரு சிறிய படகை வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைத்து, அதிலேயே உறங்கி, ஒரு வாரம் மெதுவாகச் செல்லும் விடுமுறை நம்மவர்களின் எண்ணத்தில் எளிதில் எழுவதில்லை. பிரான்சுக்குப் போகிறவர்கள் பாரிசில் உறவினர் வீட்டில் தங்கிக் கடைவீதிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதே நாட்டின் தெற்கில், துலூஸ் நகரத்திலிருந்து மத்திய தரைக்கடலை ஒட்டிய தோ ஏரி வரை 240 கிலோமீட்டர் நீளத்திற்கு கனால் து மிதி என்னும் கால்வாய் ஓடுகிறது. அந்தக் கால்வாயில் எப்படிப் பயணம் செய்வது, குறிப்பாக முதல்முறை போகிறவர்கள் எங்கே தொடங்குவது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது, படகோட்ட உரிமம் வேண்டாமா என்பதுதான். வாடகைப் படகுக்கு வேண்டியதில்லை. படகுத்துறையில் உங்களுக்குப் படகை இயக்கிக் காட்டி, சிறிது தூரம் உங்களையே ஓட்டச் சொல்லிப் பார்த்து, அந்தப் பயணத்திற்கு மட்டும் செல்லுபடியாகும் ஓர் அனுமதி அட்டையைத் தருவார்கள். பிரெஞ்சு மொழி தெரிந்த நமக்கு இந்தப் பாடத்தில் ஒரு சொல்லும் தவறிப்போகாது. அது பெரிய வசதி. அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் எத்தனை கேள்வி கேட்க முடியுமோ அத்தனையும் கேளுங்கள். தண்ணீர்த் தொட்டியை எங்கே நிரப்புவது, கழிவறை விசைக்குழாய் எப்படி இயங்குகிறது, எரிவாயு உருளையை எப்படி மூடுவது என்பவை எல்லாம் துறையில் நிற்கும்போது சிறிய விஷயங்களாகத்தான் தோன்றும்; இரவில் வயல்களின் நடுவே படகு கட்டியிருக்கும்போது அவையே பெரியவை.

படகை ஓட்டுவது கார் ஓட்டுவதைப் போன்றதன்று. அதற்குத் தடுப்பான் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் விசையைப் பின்னோக்கி மாற்ற வேண்டும். திருப்பும்போது முன்முனை நகர்வதைவிடப் பின்பகுதியே அதிகமாக விலகும், எனவே கரையை ஒட்டித் திருப்பினால் பின்பகுதி கரையில் மோதும். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். இடப்பக்கம் கார் ஓட்டிப் பழகிய நமக்கு இதை முதல் நாள் முழுவதும் மனத்தில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர். கரையில் கட்டிய படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைத்துவிட வேண்டும், ஏனென்றால் நம் படகு எழுப்பும் அலை கரை மண்ணையும் அரிக்கும், அங்கே தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பவரின் கோப்பையையும் கவிழ்க்கும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். வாடகைக்கு எடுப்பவர்கள் பெரும்பாலோர் வரைபடத்தைப் பார்த்துத் தூரத்தை அளக்கிறார்கள். அளக்க வேண்டியது நீர்ப்பூட்டுகளை. நீர்ப்பூட்டு, அதாவது நாம் எக்ளூஸ் என்று சொல்வது, இரு பக்கமும் கதவுள்ள ஒரு கல் அறை. கீழிருந்து வரும் படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடி, மேல்பக்கத்து நீரை உள்ளே விடுவார்கள். நீர் உயர, படகும் உயர, மேல்மட்டத்தை எட்டியதும் முன்கதவு திறக்கும். இறங்குவது இதற்கு நேர்மாறு. வரிசை இல்லாத நாளிலும் ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரமாவது ஆகும். மதிய உணவு வேளையில் மூடிவிடுவார்கள், மாலையிலும் மூடிவிடுவார்கள். கஸ்தெல்நோதரியிலிருந்து கார்கசோன் வரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த வழியில் 20-க்கும் மேற்பட்ட அறைகளைக் கடக்க வேண்டும். வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு முதல்முறை செல்லும் குடும்பம் அங்கே தொடங்கினால், மூன்றாம் நாளே களைத்துப் போகும்.

அதற்கு மாறாக, அர்ஜான் என்னும் சிற்றூரின் நீர்ப்பூட்டுக்குக் கீழே தொடங்கி, பெசியே நகரத்திற்குச் சற்று முன்னால் ஃபோன்செரான் வரையில், 54 கிலோமீட்டருக்கு ஒரு நீர்ப்பூட்டுகூடக் கிடையாது. மீண்டும் சொல்கிறேன்: 54 கிலோமீட்டர், ஒன்றுகூடக் கிடையாது. மணிக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 9 மணி நேர ஓட்டம். போய்த் திரும்பினாலும் 18 மணி நேரம்; அதை ஆறு நாளுக்குப் பங்கிட்டால் நாளைக்கு 3 மணி நேரம்தான் ஓட்ட வேண்டும். மீதி நேரமெல்லாம் லெ சொமாயின் பழைய கல்பாலத்தடியில் அமர்ந்திருக்கலாம், கபெஸ்தானின் பெரிய தேவாலயத்தைப் பார்க்கலாம், கரையோரப் பாதையில் சைக்கிள் விடலாம்.

இந்த 54 கிலோமீட்டர் இப்படி அமைந்தது தற்செயலன்று. இதைச் சொல்லாமல் என்னால் கடந்து செல்ல முடியாது, நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கால்வாயைக் கட்டிய பியேர்-போல் ரிக்கே பெசியேயில் பிறந்தவர், உப்புவரி வசூலிக்கும் உரிமை பெற்றுச் செல்வம் சேர்த்தவர், பொறியியல் பயின்றவரல்லர். பதினான்காம் லூயி மன்னரின் காலத்தில், 1666-இல், இந்த வேலைக்கு ஆணை பெற்றார். அப்போது நம் தீவில் பிரெஞ்சுக்காரர்கள்கூட வரவில்லை, டச்சுக்காரர்கள்தான் இருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தக் காலத்தின் தொலைவு விளங்கும். கால்வாய் ஒரு மேட்டைக் கடக்க வேண்டும். நோரூஸ் என்னும் அந்த மேடு கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 190 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் ஒரு பக்கத்தில் விழும் மழை அட்லாண்டிக்கிற்கும் மறுபக்கத்தில் விழுவது மத்திய தரைக்கடலுக்கும் போகிறது. நீர்ப்பூட்டு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பல நூறு கனமீட்டர் நீர் கீழே போய்விடும். மேட்டின் உச்சியில் அந்த நீருக்கு எங்கே போவது? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல்தான் முந்தைய திட்டங்கள் ஏட்டளவில் நின்றன.

ரிக்கே கறுப்பு மலை என்று அழைக்கப்படும் மலைத்தொடரின் ஓடைகளை வாய்க்கால்களில் திரட்டி, சேன்-ஃபெரியோலில் பெரிய அணை கட்டித் தேக்கி, அங்கிருந்து நோரூஸ் மேட்டிற்குக் கொண்டுவந்தார். கோடையில் நீர் குறையாதிருக்கவே அந்த அணை. மார் ஓ வாக்வாஸ் நீர்த்தேக்கத்தில் எத்தனை விழுக்காடு நீர் இருக்கிறது என்று வறண்ட மாதங்களில் இதே வானொலியில் கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு, ஒரு மலையின் மழையைச் சேர்த்துவைப்பது என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே போர்ட் லூயிக்கு கிராந்த் ரிவியேரிலிருந்து வாய்க்கால் வழியே நீர் கொண்டுவந்ததும், அவர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த நம் முன்னோரான கைவினைஞர்கள் இந்த நகரை எழுப்ப உழைத்ததும் நாம் அறிந்தவையே. நீரை நடத்திச் செல்லும் வேலையில் எனக்குள்ள மரியாதை அங்கிருந்து தொடங்குகிறது.

இறக்கத்தில் வந்தபோது, அர்ஜானுக்குக் கீழே ரிக்கே வேறொரு வழியைத் தேர்ந்தார். நேராக வெட்டி நீர்ப்பூட்டுகளை அடுக்குவதற்குப் பதிலாக, குன்றுகளின் ஓரத்தில் ஒரே உயரத்தைப் பிடித்துக்கொண்டு கால்வாயை வளைத்து வளைத்துக் கொண்டுசென்றார். அதனால்தான் இந்தப் பகுதியில் படகில் போகும்போது, சற்று முன் முன்னால் தெரிந்த தேவாலயக் கோபுரம் இடப்பக்கம் வந்து, பிறகு பின்னால் போய், மறுபடியும் முன்னால் நிற்கும். ஒருபுறம் திராட்சைத் தோட்டங்கள் உங்கள் கண்மட்டத்திற்குக் கீழே விரிந்து கிடக்கும். நீங்கள் நிலத்தைவிட உயரத்தில் மிதந்து போவீர்கள். இடையே ரெபுத்ர் என்னும் ஓடையின் மேல் கால்வாயே பாலமாகி உங்களைத் தாங்கிச் செல்லும்.

இந்த வழியின் முடிவில் மல்பா என்னும் குன்று குறுக்கே நிற்கிறது. மண் உதிரும் மென்கல் என்பதால், குடைந்தால் சரிந்துவிடும் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். அமைச்சர் கொல்பேர் வேலையை நிறுத்தச் சொன்னார். ரிக்கே தம் மேற்பார்வையாளரிடம் இரகசியமாகத் தோண்டச் சொல்லி, சில நாட்களிலேயே மறுபக்கத்தைத் திறந்து காட்டினார் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையுடன் சொல்வார்கள். 160 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அந்தச் சுரங்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசைப் படகுதான் போக முடியும். நுழையுமுன் ஒலியெழுப்ப வேண்டும். உள்ளே போனதும் வெயில் அறுந்து, குளிர்ந்த கல்வாடை வரும். உங்கள் எஞ்சினின் ஓசையே இரு மடங்காகத் திரும்பி வரும். உங்களுக்குக் கீழே, அதே குன்றின் வயிற்றில், 19-ஆம் நூற்றாண்டில் குடைந்த இரயில் சுரங்கம் ஒன்று இருக்கிறது. அதற்கும் முன்னால், 13-ஆம் நூற்றாண்டில் மோந்தாதி ஏரியை வடித்து வயலாக்கியவர்கள் வெட்டிய வடிகால் சுரங்கம் ஒன்றும் இருக்கிறது. ஒரே குன்றில் மூன்று காலத்து மனிதர்கள் மூன்று வழி வெட்டியிருக்கிறார்கள். ரிக்கே 1680 அக்டோபரில் இறந்தார். கால்வாய் 1681 மே மாதத்தில் திறக்கப்பட்டது. தம் செல்வத்தையெல்லாம் போட்டுக் கடனையும் விட்டுச் சென்றவர் அந்த முதல் பயணத்தைக் காணவில்லை.

நீர்ப்பூட்டைக் கடந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு எழுந்தால், அது நல்ல ஆசைதான். கடைசி இரண்டு நாட்களில் ஒன்றிரண்டைக் கடந்து பாருங்கள். கரையில் இறங்கியவர் இரும்புத் தூணில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி நுனியைக் கையில் பிடிக்க வேண்டுமே தவிர, ஒருபோதும் முடிச்சுப் போடக் கூடாது. தேர்வடம் பிடிப்பவர் போல, இழுக்கும்போது விட்டும், தளரும்போது இழுத்தும் நிற்க வேண்டும். இறங்கும் நீரில் முடிச்சிட்ட படகு சுவரில் தொங்கிச் சாய்ந்துவிடும். படகே புதிதான என் அத்தை ஒருவர் இந்தக் கயிற்று வேலையை எங்கள் குடும்பத்தில் யாரையும்விட நன்றாகச் செய்தார். பாசி படிந்த ஈரச்சுவரில் நீர்க்கோடு இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டு, விரலளவு விரலளவாகக் கயிற்றை விட்டுக்கொடுத்தார். பலம் தேவையில்லை, கவனம்தான் தேவை. ஃபோன்செரானின் 21 மீட்டர் உயர நீர்ப்படிக்கட்டை மட்டும் கரையில் நின்று பாருங்கள். படகுகள் அறை அறையாக ஏறி இறங்குவது அங்கிருந்துதான் முழுமையாகத் தெரியும்.

படகின் அளவைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார், எனவே சுருக்கமாகவே சொல்கிறேன். நால்வர் போனால் நால்வருக்கும் ஒரு விருந்தினருக்கும் இடமுள்ள படகு போதும். பத்துப் பேருக்கான படகை ஆசைப்பட்டு எடுக்காதீர்கள். கபெஸ்தானில் ஒரு பழைய வளைவுப் பாலம் மிகத் தாழ்வானது. உயரமான படகுகள் அங்கே மயிரிழையில் தப்புகின்றன, மேல்தளத்தில் இருப்பவர்கள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். அந்தப் பகுதியில் வடமேற்கிலிருந்து செர் என்னும் காற்று பலமாக வீசும். பெரிய படகைக் காற்று எளிதில் தள்ளிவிடும். கரையில் கட்ட இடம் கிடைப்பதும் சிறிய படகுக்குத்தான்.

காலம்: நம் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில் வருகிறது; அங்கே அதுவே வாடகை மிக அதிகமான, நெரிசலான காலம். ஓய்வு பெற்றவர்கள் மே மாதத்திலோ செப்டம்பரிலோ போகலாம். முன்பு நிழல் தந்த 42,000 பிளாட்டான் மரங்களைப் பூஞ்சை நோய் தாக்கியிருப்பது 2006-இல் தெரியவந்தது. அதன்பின் பல்லாயிரம் மரங்களை வெட்டி, வேறு மரங்களை நட்டு வருகிறார்கள். ஆகவே கோடை வெயிலுக்குத் தொப்பி கட்டாயம். வறட்சி ஆண்டுகளில் நீரை மிச்சப்படுத்தப் பல படகுகளைச் சேர்த்தே நீர்ப்பூட்டில் விடுவார்கள், பொறுமையாகக் காத்திருங்கள்.

செலவு: வாடகையோடு எரிபொருள், காப்பீடு, திருப்பித் தரப்படும் முன்பணம் ஆகியவை தனி, எரிபொருளை எஞ்சின் ஓடிய மணிக்கணக்கில் கணக்கிடுவார்கள். கால்வாயில் குளிக்கத் தடை உண்டு, இரவில் ஓட்டவும் அனுமதி இல்லை. குழந்தைகளுக்கு மிதவை உடையைத் துறையிலேயே அணிவித்து அளவு பாருங்கள். இரண்டு அடுப்புள்ள சமையலிடத்தில் பருப்பும், ரூகாய் என்னும் நம் தக்காளிக் குழம்பும் தாராளமாகச் செய்யலாம். மிளகாயும் மசாலையும் மட்டும் இங்கிருந்து எடுத்துச் செல்லுங்கள். படகை ஒப்படைப்பது பெரும்பாலும் காலையில் என்பதால், முந்தைய மாலையே துறைக்குப் பக்கத்தில் வந்து கட்டிவிடுங்கள்.

நேரம் முடிந்துவிட்டது. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி, வணக்கம்.