ஹாலெயில் இறங்குகிறேன்

வணக்கம். பின்னணி இரைச்சலைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். லைப்சிக் மத்திய ரயில் நிலையத்தின் நிலத்தடி நடைமேடையில் நின்றபடி இதைப் பதிவு செய்கிறேன். ஹாலெ நகருக்குப் போகும் எஸ் 3 ரயிலுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. மேற்படிப்புக்காக ஜெர்மனிக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டதால், ஊரிலிருந்து தொலைபேசியில் பேசுகிற ஒவ்வொருவரும் இதுவரை எத்தனை நாடுகளைப் பார்த்தாய் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பாரிஸும் பார்க்கவில்லை, ஆல்ப்ஸும் பார்க்கவில்லை, முப்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஹாலெக்குத்தான் ஏழாவது முறையாகப் போகிறேன் என்று சொன்னபோது பெரியம்மாவுக்கு வருத்தமாகிவிட்டது. அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு அன்று ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்று நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

பணத்திலிருந்து தொடங்க வேண்டும். மாணவர் விசாவுக்காக முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோவைப் போட்டுவிட்டு இங்கே வந்தால், மாதந்தோறும் அதிலிருந்து 992 யூரோ மட்டுமே கைக்கு வரும். அறை வாடகை, மருத்துவக் காப்பீடு, அரிசி, பருப்பு எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமாகி, 2025 ஜனவரியில் 58 ஆகி, 2026 ஜனவரியில் 63 ஆகியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நாடு முழுவதும் நகரப் பேருந்து, டிராம், வட்டார ரயில் என எதில் வேண்டுமானாலும் ஏறலாம், ஆனால் ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் ஏற முடியாது. ஆகவே என் பயணங்கள் எல்லாமே ஊருக்கு ஊர் நின்று போகும் வண்டிகளில்தான் நடக்கின்றன. என் படிப்பும் அங்கேதான் நடக்கிறது. பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து படித்ததைவிட, சன்னலோரத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு படித்ததே மனத்தில் தங்கியிருக்கிறது.

இதோ, என் சட்டைப் பையில் இருக்கும் இந்த மஞ்சள் புத்தகத்தைப் பாருங்கள். உள்ளங்கையை விடச் சற்றே பெரியது. ரெக்லாம் பதிப்பகத்தின் இந்த மலிவுப் பதிப்பு வரிசை 1867ஆம் ஆண்டில் இதே லைப்சிக்கில் தொடங்கியது. இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான எழுத்தாளர்களின் படைப்புகள் அந்த ஆண்டு நவம்பரில் பதிப்புரிமையிலிருந்து விடுபட்டதும், ஜெர்மன் கவிஞர் கதேயின் நாடகத்தை முதல் எண்ணாகப் போட்டு விற்பனையைத் தொடங்கிவிட்டார்கள். 1912 முதல் ரயில் நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் இவற்றை விற்கும் தானியங்கிப் பெட்டிகளையும் வைத்தார்கள். நம் ஊர் ரயில் நிலையத்தில் காசு போட்டால் எடைச் சீட்டு விழுந்து, அதன் பின்புறத்தில் நம் குணநலன்களும் அச்சாகியிருக்குமே, அதுபோல் இங்கே காசு போட்டவருக்குப் புத்தகம் கிடைத்திருக்கிறது. அந்தப் பெட்டிகள் இப்போது இல்லாதது எனக்கு உண்மையாகவே வருத்தம்தான்.

இந்தப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படிக்க எனக்கு இன்னமும் கால் மணி நேரம் ஆகிறது. என் பாடங்கள் ஆங்கிலத்தில் நடப்பதால் ஜெர்மன் தெரியாமலே பட்டம் வாங்கிவிடலாம், வாங்கியவர்களும் உண்டு. ஆனால் ரயிலில் அது நடக்காது. ‘இஷ் ஷ்டைகெ இன் ஹாலெ அவுஸ்’ என்றால் ஹாலெயில் இறங்குகிறேன் என்று பொருள். கடைசியில் இருக்கும் அவுஸ் என்ற அசையை எடுத்துவிட்டு ஐன் என்று வைத்தால் ஏறுகிறேன் என்றும், உம் என்று வைத்தால் வண்டி மாறுகிறேன் என்றும் ஆகிவிடும். பேசுகிறவர் ஏறப்போகிறாரா இறங்கப்போகிறாரா என்பது வாக்கியம் முடியும்வரை தெரியாது. என்னுடன் படிக்கும் சிலருக்கு இது பெரிய தொல்லை. தமிழில் வளர்ந்த நமக்கோ, வந்தானா வரவில்லையா என்பதையே கடைசிச் சொல்லில் தெரிந்துகொள்ளும் பழக்கம் உண்டு. வினைக்காகக் காத்திருக்கும் அந்தப் பொறுமைதான் எனக்கு இந்த மொழியில் கிடைத்த ஒரே சலுகை.

அந்தப் பொறுமையும் ஒரு நாள் கைவிட்டது. நான் ஏறிய வட்டார ரயில் ஒன்று நடுவழியில் இரண்டாகப் பிரிந்து, முன்பகுதி ஓர் ஊருக்கும் பின்பகுதி வேறோர் ஊருக்கும் போகும் என்று பலகையில் ஓடிக்கொண்டிருந்த அறிவிப்பைப் பாதி படித்துவிட்டு, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று புத்தகத்தைத் திறந்துவிட்டேன். இரவு பத்து மணிக்கு, தேநீர்க்கடையும் இல்லாத ஒரு நிலையத்தில் ஒற்றை விளக்குக்குக் கீழே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தவறு முழுக்க என்னுடையதுதான்.

மறு வாரமே லைப்சிக் நகர நூலகத்தில் உறுப்பினரானேன். பெரியவர்கள் பகுதியில் தட்டுத்தடுமாறுவதை விட்டுவிட்டு, குழந்தைகள் பகுதிக்குப் போய், படத்துக்கு இரண்டு வரி எழுதியிருக்கும் புத்தகங்களிலிருந்து தொடங்கினேன். அங்கே முழங்கால் உயர நாற்காலியில் மடங்கி உட்கார்ந்திருந்த என்னை, ஐந்து வயதிருக்கும் ஒரு சிறுமி சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இது சின்னப் பிள்ளைகளின் புத்தகம் ஆயிற்றே என்றாள். நானும் இந்த மொழியில் சின்னப் பிள்ளைதான் என்று சொன்னதும், நான் தவறாக உச்சரித்த சொல் ஒன்றைச் சொல்லிக் காட்டி, திரும்பச் சொல்லும்படி கட்டளையிட்டாள். மூன்றாம் முறை சொன்ன பிறகே விட்டாள்.

இப்போது ஹாலெக்கு வருகிறேன். என் சொந்த ஊர் மயிலாடுதுறை. அங்கிருந்து தரங்கம்பாடி ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். லைப்சிக்கிலிருந்து ஹாலெயும் கிட்டத்தட்ட அதே தொலைவுதான். எட்டாம் வகுப்பில் தரங்கம்பாடிக்குச் சுற்றுலா அழைத்துப் போனபோது டேனிஷ் கோட்டையையும் கடலையும் சுண்டலையும் பார்த்தேனே தவிர, வழியில் நின்ற சீகன்பால்கு சிலையை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஹாலெயில் பிராங்கெ என்பவர் நடத்திய கல்வி நிலையங்களோடு தொடர்புடைய அந்தச் சமயப் பணியாளர், 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய 24, அதாவது இப்போது என் வயது. தமிழ் எழுத்துகளைக் கற்பதற்காக ஆசிரியர் ஒருவரின் பள்ளிக்கூடத்தையே தம் இருப்பிடத்தில் நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகியிருக்கிறார். அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், இதைப் படித்தபோது எனக்கு அந்த மனிதர் கண்ணுக்குத் தெரிந்தார். அவர் கொண்டுவந்த சமயத்தைப் பற்றியும், நம் சமயங்களைப் பற்றி அவர் எழுதியதைப் பற்றியும் எனக்கு வேறு கருத்துகள் உண்டு. ஆனால் 1708ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பு எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பிய அந்த வாசிப்பின் வேகத்துக்கு முன்னால், ஒன்றரை ஆண்டில் ஒன்பது மஞ்சள் புத்தகம் முடித்த நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு நடந்தது இன்னும் சுவையானது. தமிழ் எழுத்துகளை ஹாலெயில் உலோகத்தில் வார்த்துக் கப்பலேற்றினார்கள். அவை தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தபோது, எழுத்து மிகப் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளைப் புதிதாக வார்த்தார்கள். காகிதத்துக்காகப் பொறையாரில் ஓர் ஆலையும் ஏற்பட்டது. எங்கள் அத்தை வீடு இருக்கும் பொறையார் அது. 1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் சென்றார். அந்தப் பயணத்தில் சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலெயில் அச்சாயிற்று. விசாவும் முடக்கக் கணக்கும் இல்லாத காலத்தில், மாதக்கணக்கில் கடலில் மிதந்து வந்து இந்தக் குளிரில் இறங்கிய மலையப்பன் முதல் நாள் என்ன சாப்பிட்டிருப்பார் என்பதை நான் அடிக்கடி யோசிக்கிறேன்.

பிராங்கெ நிறுவனத்தின் பழைய அநாதை இல்லக் கட்டடத்து மேல்மாடியில், அந்தக் காலத்து அரும்பொருள் அறை ஒன்று இருக்கிறது. சங்குகளும், பாடம் செய்த விலங்குகளும், கூரையிலிருந்து தொங்கும் முதலையும், பல நாட்டு எழுத்துகளும் நிறைந்த அந்த அறைக்கு முதல் முறை போனபோது, கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஓலையைப் பார்த்து நின்றுவிட்டேன். பக்கத்தில் பேரனோடு நின்ற ஒரு மூதாட்டி, நீங்கள் இந்தியாவா என்று கேட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல முடியுமா என்றார். என் தாய்மொழிதான், ஒரு நிமிடம் பொறுங்கள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் குனிந்தேன். ஓலையில் புள்ளி இல்லை. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருந்தன. துணைக்கால் எது, ரகரம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் கிடையாது. விரலைக் கண்ணாடியின் மேல் வைத்து எழுத்துக்கூட்டத் தொடங்கினேன். பேரன் என் விரலையே பார்த்துக்கொண்டு அமைதியாகக் காத்திருந்தான். இரண்டு சொற்கள் பிடிபட்டன, மூன்றாவது பிடிபடவில்லை. ஐந்து நிமிடம் கழித்து அந்த மூதாட்டி, பரவாயில்லை, எனக்கும் பழைய ஜெர்மன் கையெழுத்து படிக்க வராது என்று ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அன்றிலிருந்து வாரம் ஒரு நாள் இணையவழியில் சுவடி வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். போன முறை ஐந்தாவது சொல்லில் நின்றேன். அந்த வரியை அப்படியே பென்சிலால் பார்த்து எழுதிக்கொண்டு வந்து, இதோ, இந்த மஞ்சள் புத்தகத்தின் பின்னட்டையில் வைத்திருக்கிறேன். கால் என்று நான் எண்ணியிருந்தது ரகரமாகவும் இருக்கலாம் என்று நேற்று இரவு தோன்றியது. அப்படியானால் அந்தச் சொல்லே வேறாகிவிடுகிறது. ஓலையை மறுபடி பார்த்தால்தான் தெரியும். பெரியம்மா, அதற்காகத்தான் போகிறேன். ரயில் வந்துவிட்டது, ஏறிக்கொள்கிறேன்.