1993: சுவரை ஒட்டி ஓட்டக் கற்றுக்கொண்ட உலக சாம்பியன்

[திரையில்: ஒரு மைல் நீள ஓவல் தடம், மேலிருந்து]

வணக்கம். 1992-ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் பட்டம் வென்ற நைஜல் மான்செல், அடுத்த வருடமே ஐரோப்பாவை விட்டு அமெரிக்காவின் இண்டிகார் தொடருக்குப் போனார். போன முதல் வருடமே அங்கேயும் சாம்பியன் ஆனார். "எஃப் ஒன்னில் ஜெயித்தவருக்கு இண்டிகார் என்ன பெரிய விஷயமா" என்று பலர் இதைச் சாதாரணமாகப் பேசிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பட்டத்தை அவர் வென்றது, அதற்கு முன் அவர் பந்தயமே ஓட்டியிராத ஒரு வகைத் தடத்தில்: ஓவல் என்ற நீள்வட்டத் தடத்தில். இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

முதலில் பின்னணி. வில்லியம்ஸ் அணி 1993-க்கு அலான் ப்ரோஸ்டை எடுத்தது. மான்செலின் ஒப்பந்தப் பேச்சு முறிந்தது. அதே நேரத்தில் அமெரிக்காவின் நியூமன்-ஹாஸ் அணியில் ஓர் இடம் காலியானது. அங்கே இருந்த மைக்கேல் ஆண்ட்ரெட்டி மெக்லாரனுக்காக எஃப் ஒன் ஓட்டப் போய்விட்டார். நடிகர் பால் நியூமனும் கார்ல் ஹாஸும் சேர்ந்து நடத்திய அணி அது. மைக்கேலின் அப்பா, 53 வயது மரியோ ஆண்ட்ரெட்டி, அங்கே மான்செலின் சக ஓட்டுநர்.

லோலா கார், ஃபோர்டு காஸ்வொர்த் டர்போ எஞ்சின், எரிபொருள் மெத்தனால். பந்தயத்தின் நடுவே பிட்டுக்கு, அதாவது தடத்தை ஒட்டி அணி காத்திருக்கும் இடத்துக்கு, வந்து எரிபொருள் நிரப்ப வேண்டும். அப்போதைய எஃப் ஒன்னில் அது கிடையாது. மொத்தம் 16 பந்தயங்கள். பத்து, ரோடு கோர்ஸும் (இருபக்கமும் வளைவுகள் உள்ள பந்தயத் தடம்) தெருத் தடமும். மீதி ஆறு, ஓவல்.

[திரையில்: காரின் பின்பக்கம், இரண்டு டயர்களும் தெரியும்படி]

ஓவல் என்றால் இடதுபக்கமே திரும்பிக்கொண்டிருக்கும் வேலைதானே, அதில் என்ன கஷ்டம்? இந்தக் கேள்வி அடிக்கடி என் காதில் விழுகிறது. இந்தப் பின் டயர்களைப் பாருங்கள். வலது டயரின் சுற்றளவு இடதைவிடக் கொஞ்சம் பெரியது. ஸ்டேகர் என்பார்கள். ஒரு காகிதக் கோப்பையைப் படுக்கவைத்து உருட்டினால் வளைந்துதானே ஓடும்? அதே கணக்கு. கார் தானாகவே இடதுபக்கம் போகப் பார்க்கும். அதனால் நேர்ப்பாதையில் ஸ்டியரிங்கை லேசாக வலதுபக்கம் பிடித்துவைத்தால்தான் கார் நேராக ஓடும்.

அடுத்தது இதைவிட ஆபத்தானது. ரோடு கோர்ஸில் காரின் பின்பக்கம் வழுக்கினால், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிக் காரை மீட்கலாம். மான்செல் அதில் கெட்டிக்காரர். ஓவலில் அதையே செய்தால், டயர் பிடிப்பு திரும்பக் கிடைக்கும் நொடியில் கார் வலதுபக்கம் பாய்ந்து நேராகச் சுவரில் மோதும். வழுக்கும் காரை மீட்கப் பார்க்காதே, சுழலட்டும் என்று விட்டுவிடு என்பது அங்கே பழைய ஆட்கள் புதியவர்களுக்குச் சொல்லும் பாடம். பல வருடம் கையில் ஊறிப்போன பழக்கத்தை மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் அடக்கவேண்டும். இதைச் சுலபம் என்று எப்படிச் சொல்வது?

சரி, சீசனுக்கு வருவோம். மார்ச் 21, ஆஸ்திரேலியாவின் சர்ஃபர்ஸ் பாரடைஸ். தெருத் தடம். முதல் பந்தயத்திலேயே மான்செல் போல் எடுத்தார், அதாவது தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார்; பந்தயத்தையும் ஜெயித்தார். எல்லோரும் எதிர்பார்த்த மான்செல் இவர்தான்.

அடுத்து பீனிக்ஸ். ஒரு மைல் ஓவல். பயிற்சியின்போது கார் சுழன்று பின்பக்கமாகப் போய்ச் சுவரில் இடித்தது. கான்கிரீட் சுவரில் ஓட்டை விழுந்தது. மான்செலுக்கு முதுகில் பலத்த அடி, பந்தயத்தில் இறங்க முடியவில்லை. மறுநாள் பென்ஸ்கே அணியின் இளம் ஓட்டுநர் பால் ட்ரேசி மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டு முன்னணியில் இருந்தபோது, அவரும் சுவரில் மோதினார். மரியோ ஆண்ட்ரெட்டி ஜெயித்தார். இண்டிகாரில் அவருடைய 52-வது வெற்றி, கடைசி வெற்றியும் அதுதான்.

[திரையில்: இண்டியானாபோலிஸ், மே 30]

அதனால் மான்செல் வாழ்க்கையில் ஓட்டிய முதல் ஓவல் பந்தயமே, இண்டிகாரின் மிகப் பெரிய பந்தயமான இண்டி 500 ஆகிப்போனது! முந்தைய வருட இண்டிகார் தொடர் சாம்பியன் பாபி ரேஹாலே தகுதிச் சுற்றைத் தாண்ட முடியாமல் வெளியே நின்ற வருடம் அது. அப்படிப்பட்ட இடத்தில், பந்தயம் முடியப்போகும் நேரத்தில் மான்செல் முதலிடத்தில் இருந்தார். எல்லோரையும் மெதுவாகப் போகவைக்கும் மஞ்சள் கொடிக்குப் பிறகு, மறுபடி வேகமெடுக்கச் சொல்லும் பச்சைக் கொடி விழுந்தது. எந்த நொடியில் ஆக்சிலரேட்டரை மிதிப்பது என்பதில்தான் ரீஸ்டார்ட்டின் வித்தை இருக்கிறது. பென்ஸ்கே அணியின் இன்னொரு ஓட்டுநர் எமர்சன் ஃபிட்டிபால்டிக்கு அது அத்துப்படி. அவரும் அரி லுயெண்டைக்கும் மான்செலைத் தாண்டிப் போனார்கள். அப்புறம் மான்செல் சுவரில் உரசியும் கார் உடையாமல் தப்பி மூன்றாவதாக முடித்தார். ஃபிட்டிபால்டிக்கு அது இரண்டாவது இண்டி 500 வெற்றி.

என்னைக் கேட்டால், பட்டத்துக்கான அஸ்திவாரம் இந்த மூன்றாவது இடம்தான். ஏனென்றால் அதற்குப் பிறகு அந்த சீசன் முழுக்க ஓவலில் மான்செலை யாராலும் தோற்கடிக்க முடியவில்லை. ஒரே வாரத்தில் மில்வாக்கியில் வெற்றி. ஆகஸ்டு 1, மிஷிகன் 500. அங்கே மரியோ மணிக்கு சுமார் 377 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் போல் எடுத்தார், அதுவும் 53 வயதில்! ஆனால் பந்தயம் மான்செலுக்கு, மரியோ இரண்டாவது.

ஆகஸ்டு 8, நியூ ஹாம்ப்ஷயர். மான்செலின் 40-வது பிறந்தநாள். ஒரு மைல் ஓவலில் 200 சுற்று. மான்செல், ட்ரேசி, ஃபிட்டிபால்டி மூவரும் முதலிடத்துக்கு மாறி மாறிப் போட்டி போட்டார்கள். கடைசிச் சில சுற்றுகளில், மெதுவாகப் போகும் கார்களுக்கு நடுவே, வெளிப்பக்கமாகவும் உள்பக்கமாகவும் இடம் தேடித்தேடி ட்ரேசியைத் தாண்டி ஜெயித்தார். பீனிக்ஸில் சுவரை உடைத்தவர் நான்கே மாதத்தில் இன்னொரு ஓவலில் சுவரை ஒட்டி இப்படி ஓட்டினார்.

செப்டம்பர் 19, நசரெத். ஆண்ட்ரெட்டி குடும்பத்தின் சொந்த ஊர். தடமோ எதிரணி முதலாளி ரோஜர் பென்ஸ்கேயுடையது. அங்கே ஜெயித்து, ஒரு பந்தயம் மீதமிருக்கும்போதே பட்டத்தை உறுதிசெய்தார். அடுத்த ஞாயிறு போர்ச்சுகலில் ப்ரோஸ்ட் எஃப் ஒன் பட்டத்தை எடுக்கும்வரை, அந்த ஒரு வாரம் இரண்டு தொடர்களின் சாம்பியனும் மான்செல்தான்.

[திரையில்: புள்ளிப் பட்டியல்]

இப்போது கணக்கு. மான்செல் 191, ஃபிட்டிபால்டி 183. எட்டே புள்ளி. ஒரு வெற்றிக்கு 20 புள்ளி. மான்செலின் ஐந்து வெற்றிகளில் நான்கு ஓவலில் வந்தவை. இறங்கிய ஐந்து ஓவல் பந்தயங்களில் நான்கு வெற்றி, ஒரு மூன்றாவது இடம். அவருக்குப் பழகிய ரோடு கோர்ஸிலும் தெருத் தடத்திலும் மொத்தமே ஒரு வெற்றி. அங்கே ஐந்து வெற்றி எடுத்தவர் ட்ரேசி: லாங் பீச், கிளீவ்லாண்ட், டொரான்டோ, ரோடு அமெரிக்கா, லகூனா செக்கா. மான்செலுக்குச் சமமாக ஐந்து வெற்றி இருந்தும் அவர் மூன்றாவதாகத்தான் முடித்தார். பீனிக்ஸில் கைக்கு வந்ததை விட்டதுபோல விட்ட பந்தயங்கள் அவருக்கு அதிகம். அந்த வருடத்தின் அசல் வேகம் அவரிடம் இருந்தது என்றுகூடச் சொல்வேன்.

மான்செல் 1994-ல் ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. பென்ஸ்கே கார்கள் 16-ல் 12 பந்தயங்களை அள்ளிக்கொண்டு போன வருடம் அது.

1993 பந்தயங்களில் ஒன்றே ஒன்றைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், இண்டி 500-ஐ விட்டுவிட்டு நியூ ஹாம்ப்ஷயரைப் பாருங்கள். அதிலும் கடைசி 20 சுற்று. மான்செலின் காரை மட்டும் பார்க்காமல், அவர் எந்த மெதுவான காருக்காகக் காத்திருக்கிறார் என்று கவனியுங்கள்.